கேஸ் முடிந்த பிறகும்

தொண்ணூறுகளில் நான் நன்னடத்தை அதிகாரி. கோர்ட் ஜெயிலுக்கு அனுப்பாமல் விட்ட ஆட்களை மாதாமாதம் வீட்டுக்கே போய்க் கண்காணிக்க வேண்டும். செம்பாக்கத்தில் ஒரு லாரி கிளீனர், திருட்டு கேஸ். போகும்போதெல்லாம் முறைப்பான், உட்காரச் சொல்ல மாட்டான். அவனுடைய ஹவுஸ் ஓனர் இன்னும் மோசம். வயலை பிளாட் போட்டு விற்ற திமிர். கேட் அருகே நின்று நாங்கள் பேசுவதை ஒட்டுக்கேட்பார்.

அன்றைக்கு கிளீனரிடம், “உன் கேஸ் முடிஞ்சிடுச்சு” என்றேன்.

ஓனர் உள்ளே வந்துவிட்டார். “அப்ப இனிமே நீ வர மாட்டியா சார்? நீ வந்துகினு இருந்ததாலதான் இவன வச்சிருந்தேன். டேய், வூட்ட காலி பண்ணு.”

கிளீனர் என்னைத்தான் முறைத்தான்.

“கேஸ்தான் முடிஞ்சுது. நான் வர்றது நிக்காது” என்றேன். சட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது. ஓனரின் வாயை அடைக்கத்தான் அப்படிச் சொன்னேன். அதற்காகவே லீவு நாளில் மாதாமாதம் போனேன்.

கிளீனர் அப்போதும் உட்காரச் சொல்லவில்லை.