ஏலக்காய் ஸ்டோர் தகரக்காரனின் நீராவி இஞ்சின்

ஈரக் கரிப்புகையும் பச்சை ஏலக்காய் வாசமும் ஒன்றாக மூக்கில் ஏறும்... எழுபதுகளின் கடைசியில் போடி ஸ்டேஷன் என்றால் எனக்கு அந்த வாசம்தான்.

இந்தக் குரூப்பில் பலர் ரயில் பொம்மைப் படங்கள் போடுகிறீர்கள். பெட்டியைப் பிரித்து, பேட்டரி போட்டு ஓட்டுகிறீர்கள். சந்தோஷம். நான் செய்த இஞ்சின் கரியில் ஓடியது. அதை எழுதாமல் விட்டால், நடக்கவே இல்லை என்று சொல்லிவிடுவீர்கள். சொல்லக்கூடிய ஆட்கள்தான்.

அப்போது எனக்கு ஏலக்காய் ஸ்டோர்களில் புகைக்குழாய் மாட்டும் வேலை. பச்சைக் காயை உலர்த்தும் கட்டடத்தைத்தான் ஸ்டோர் என்போம். வெளியே அடுப்பு எரியும். அந்தச் சூடு தகரக் குழாய் வழியாக அறைக்குள் சுற்றி வரும், காய் காயும். போடிமெட்டுக்கு மேலே ஜீப்பில் தொங்கிக்கொண்டு போய், எஸ்டேட் எஸ்டேட்டாக மாட்டியிருக்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பு சரி. நெருப்பும் புகையும் எப்படிப் போகும் என்பது மட்டும் கைக்குத் தெரியும்.

பழைய பித்தளைப் பூச்சிமருந்து ஸ்ப்ரேயரின் டேங்க்தான் என் குட்டி இஞ்சினுக்குப் பாய்லர். சைக்கிள் பம்பு, சிலிண்டர். சக்கரங்களை லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். முழுதாக முடிக்க இரண்டு வருஷம்.

என் மனைவி வீரம்மா ஒருநாள் சொன்னாள்: "ஸ்ப்ரேயருக்கும் சக்கரம் போட்டாச்சு. நாளைக்கு என் கொழம்புச் சட்டிக்கும் மாட்டிராத, சாமி."

ஊரில் பொருட்காட்சி போட்டார்கள். ஓடும் மாதிரிகளுக்குத் தனி வரிசை. வட்டத் தண்டவாளத்தில் பத்துச் சுற்று ஓடினால்தான் அதில் இடம்.

என் இஞ்சின் மூன்றாவது சுற்றில் நின்றுவிட்டது.

நெருப்பு இருந்தது, ஆனால் சோர்ந்து கிடந்தது. நடுவராக வந்தவர் ஒரு பாலிடெக்னிக் வாத்தியார். மின்சாரப் பிரிவு. அன்றைக்கு எல்லாவற்றுக்கும் அவரே நடுவர்.

"தகரம் அடிக்கிறவன் தகரம் அடிக்கணும்ப்பா. இதெல்லாம் படிச்சவன் சோலி" என்றார். கூட்டம் சிரித்தது. 'காட்சிக்கு மட்டும்' என்று எழுதிய மரப்பலகையை என் இஞ்சின் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

பொருட்காட்சி முடிந்ததும் அந்தப் பலகையை நான் வீட்டுக்கு எடுத்துப் போனேன். யாரையும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மலையிலிருந்து இறங்கும் நாளெல்லாம் ஸ்டேஷனில் போய் நின்றேன். மதுரை வண்டியின் இஞ்சினையே பார்ப்பேன். நிற்கும்போது புகை சோம்பலாக எழும். கிளம்பினால் ஒவ்வொரு 'சக்'குக்கும் ஒரு குத்து... புகை பந்து பந்தாக மேலே பாயும்.

கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் ஒருநாள் கேட்டார்: "என்னப்பே, டிக்கெட்டும் எடுக்க மாட்ட, வண்டியும் ஏற மாட்ட. இஞ்சினுக்குப் பொண்ணு பாக்க வந்திருக்கியா?"

"அண்ணே, சிலிண்டர்ல வேலை முடிஞ்ச ஆவிய புகைக்கூண்டுக்குள்ளதான விடுறீங்க? அதுதான நெருப்ப இழுக்குது?"

அவர் கரி அள்ளுவதை நிறுத்தினார். "யார்றா சொல்லிக் குடுத்தது ஒனக்கு?"

"யாருஞ் சொல்லலண்ணே."

அங்கேதான் என் தப்பு விளங்கியது. ஸ்டோர் வேலையில் ஈரம்தான் எங்கள் எதிரி. ஈரம் தங்கினால் காயின் பச்சை நிறம் போய்விடும், முதலாளி வைவார். ஆகவே ஆவி என்றாலே பக்கவாட்டில் வெளியேற்றிவிடுவோம், புகைக்குழாய்ப் பக்கமே அண்டவிட மாட்டோம். இஞ்சினிலும் என் கை அதையே செய்திருக்கிறது! நெருப்புக்கு மூச்சுக் கொடுக்க வேண்டிய ஆவியை வெளியே துரத்தியிருக்கிறேன்.

அடுத்த வருஷம் அதே பொருட்காட்சி. அதே வாத்தியார்.

"ஆவிய புகைக்கூண்டுக்குள்ள விட்டுருக்கியா? நெருப்பு அணைஞ்சுரும்ப்பா" என்றார்.

போன வருஷத்துப் பலகையைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அந்த மரப்பலகையை எடுத்து அவர் கண் முன்னால் இரண்டாகப் பிளந்தேன். 'காட்சிக்கு' என்ற பாதியைச் சிராய் சிராயாகச் சீவி இஞ்சின் அடுப்பில் வைத்துப் பற்றவைத்தேன். மேலே அடுப்புக்கரி போட்டேன். ஆவி ஏறியது. இஞ்சின் நகர்ந்தது.

ஐந்து சுற்று ஓடியதும், கூடவே நடந்து, ஆவியின் வழியை மாற்ற நானே வைத்திருந்த ஒரு சின்னத் திருகைத் திருப்பினேன். ஆவி பழையபடி பக்கவாட்டில் போனது. ஒன்றரைச் சுற்றில் இஞ்சின் தள்ளாட ஆரம்பித்தது.

"நின்னுருச்சு, நின்னுருச்சு!" என்று கூட்டம் கத்தியது. வாத்தியார் முகத்தில் சிரிப்பு.

திருகை மறுபடி புகைக்கூண்டுப் பக்கம் திருப்பினேன். சக்... சக்... சக்சக்சக். கரி செக்கச்செவேல் என்று ஆனது.

பத்தாவது சுற்றில் வாத்தியார், "போதும்ப்பா, நிறுத்து" என்றார்.

"தண்ணி இருக்கு சார். ஓடும்."

தண்ணீர் தீரும்வரை ஓடியது. இருபத்தேழு சுற்று. எண்ணியது நானில்லை, சிலமலையிலிருந்து வந்த விவசாயிகள். ஏற்றம் இறைக்கிறவர்கள் போலச் சத்தம் போட்டு எண்ணினார்கள். வீரம்மா அவர்களைவிடச் சத்தமாக எண்ணினாள்.

வாத்தியார் பையிலிருந்து நோட்டை எடுத்தார். "அந்த ஆவிக் குழாய் உள்ள எவ்வளவு உசரத்துல முடியுது? நீங்க கொஞ்சம் வரைஞ்சு காட்டுங்க" என்றார்.

'நீங்க' என்றார். வரைந்து கொடுத்தேன்.

இப்போது போடிக்கு அகலப்பாதை ரயில் வந்துவிட்டது. ஏறி மதுரை போய் வந்தேன். குலுக்கல் இல்லை, கண்ணில் கரித்தூள் இல்லை, சட்டையும் அழுக்காகவில்லை. குறை சொல்ல ஒன்றுமே கிடைக்காமல் திரும்பி வந்தது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். முன்பெல்லாம் இஞ்சினுக்கு மூச்சு வாங்குவதைக் காதால் கேட்டே தெரிந்துகொள்ளலாம். இப்போது கேட்க எதுவுமில்லை.

என் இஞ்சின் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்... "இது இப்பவும் ஓடுமா?"

அலமாரிக்குப் பின்னாலிருந்து அந்தப் பலகையின் மிச்சப் பாதியை எடுத்துக் காட்டுவேன். 'மட்டும்' என்று இருக்கிறது.

இன்னொரு முறை பற்றவைக்க அது போதும்.