பின் அச்சுக்கு மேலே எட்டு மூட்டை

வண்டி பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டிருந்தது. கியர் முதலாவதில் இருந்தது. கால் அக்சிலேற்றரில் இருந்தது. பின் ரயர் இரண்டும் முன்னோக்கித்தான் சுற்றின. வண்டி மட்டும் பின்னோக்கிப் போனது. வட லண்டன் ஆர்ச்வேயில் முதியோர் குடியிருப்பு ஒன்றுக்கு ஏறும் தனிப் பாதை அது. நீளம் அறுபது மீற்றருக்கு மேல் இராது, ஆனால் நல்ல செங்குத்து. அந்தப் பாதை சறுக்காமல் இருக்க உப்புப் போடத்தான் நான் போயிருந்தேன்.

குளிர்காலத்தில் கார்பார்க்குகளுக்கும் பாதைகளுக்கும் உப்புத் தூவும் சின்னக் கம்பனி ஒன்றில் பதினொரு குளிர்காலம் பிக்கப் ஓட்டினேன். இப்போது விட்டுவிட்டேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் ஃபோன் எடுத்து விபரம் கேட்கிறார்கள். பாதி சொல்வதற்குள் "ஓகே அங்கிள், விளங்கீட்டுது" என்று வைத்துவிடுகிறார்கள். விளங்கியிருக்காது. அதனால் எழுதுகிறேன்.

1. நோர்வேக்காரன்

முதலாளி பெயர் யோகன். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். நோர்வேயில் இருபது வருடம் இருந்துவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காக லண்டன் வந்து ரெய்னர்ஸ் லேனில் குடியேறியவன். ஐரோப்பாவிலிருந்து வந்த எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம், எதை எடுத்தாலும் "அங்க அப்பிடியில்லை" என்பார்கள். முதலே லண்டனில் இருந்த எங்களுக்கும் ஒரு பழக்கம், அவர்கள் வாயைத் திறந்ததும் சிரிப்போம்.

அவன் வாங்கி வைத்திருந்த பிக்கப் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வகை. எஞ்சினின் பாரம் முழுக்க முன்னுக்கு. இழுக்க வேண்டிய சக்கரம் பின்னுக்கு. பின் தட்டு வெறுமையாக இருந்தால் அந்தச் சக்கரத்தை நிலத்தோடு அழுத்திப் பிடிக்க எதுவும் இல்லை. ஈரப் புல்லிலேயே அது சும்மா சுற்றும்.

"யோகன், இது பனியில இழுக்காது. பின்னுக்குப் பாரம் போட வேணும்," என்றேன்.

"நானூறு கிலோ உப்பு ஏத்துறம்தானே அண்ணை. அதுதான் பாரம்."

"உப்பைத் தூவி முடிச்சாப் பிறகு?"

"முடிச்சாப் பிறகு வீட்டை போறதுதானே. இது என்ன ஸ்னோ? பவுடர். நோர்வேயில நாங்கள்..."

"சரி, தொடங்கீட்டுது நோர்வே கதை."

வண்டி நிறுத்தும் யார்ட்டில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

அவன் சொன்னதில் பிழை இருந்தது. நோர்வேயில் குளிர்காலம் வந்தால் பனி ரயர் மாட்டிவிடுவார்கள். அவன் அங்கே ஓட்டிய வண்டிக்கு நாலு சக்கரமும் இழுத்தது. எங்கள் வண்டிக்கு இரண்டும் இல்லை. இதை அவனுக்குப் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொறுமை கிடையாது.

2. முதல் உப்பு கோயிலுக்கு

பனி விழுந்த நாளில் முதல் உப்பு கோயிலுக்கு. இது யோகனின் சட்டம். யார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு கோயில் மண்டபம் இருந்தது. அதன் கார்பார்க்கில் தூவிய பிறகுதான் வண்டி மற்ற இடத்துக்குப் போகலாம். எங்கள் ஆட்கள் புதுக் கார் வாங்கினால் எலுமிச்சம்பழத்துக்கு மேலால் ஏற்றாமல் ரோட்டுக்கு எடுக்கமாட்டார்கள். அதே குணம்தான் இது. நானும் கும்பிடுகிறவன்தான், அதனால் முதல் வருடம் ஒன்றும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

கோயில் கார்பார்க் மேசை மாதிரிச் சமதரை. அங்கே வண்டியில் நானூறு கிலோவும் இருக்கும், தேவையே இல்லாமல். பிறகு ஒரு கடைத்தொகுதி, அதுவும் சமதரை. கடைசியாக ஆர்ச்வே ஏற்றம். அங்கே போய்ச் சேரும்போது உப்புத் தூவும் பெட்டியான ஹொப்பரின் அடியில் நாலு மூட்டை உப்பு மிஞ்சியிருக்கும். பாரம் தேவையான இடத்தில் பாரம் இல்லை. இந்தக் கணக்கு எனக்கு முதலே தெரிந்திருக்க வேண்டும். வண்டி பின்னோக்கிச் சறுக்கியபோதுதான் தெரிந்தது.

அந்தக் குடியிருப்பில் மங்கை ரீச்சர் இருந்தார். எழுபத்தாறு வயது. ஊரில் கணக்குப் படிப்பித்தவர். சிறுநீரகம் இரண்டும் போய், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். காலை எட்டரைக்கு நோயாளர் வான் வந்து ஏற்றிப்போகும். பாதை சறுக்கினால் சாரதி வானை மேலே எடுக்கமாட்டார், சக்கர நாற்காலியைக் கீழே தள்ளிக்கொண்டும் வரமாட்டார். அது அவர்களுடைய விதி. சரியான விதி.

அன்றைக்கு நான் மூன்று தரம் ஏற்றிப் பார்த்தேன். மூன்று தரமும் பாதியில் நின்று பின்னால் வந்தது. கடைசியில் வண்டியைக் கீழே விட்டுவிட்டு, உப்பை வாளியில் அள்ளி மண்வெட்டியால் வீசிக்கொண்டு ஏறினேன். பாதி தூரம் போவதற்குள் ஒன்பது மணியாகிவிட்டது. வான் வந்து, காத்திருந்து, போய்விட்டது.

ரீச்சர் வாசலில் கோட் போட்டு, தொப்பி போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சக்கர நாற்காலியில் இருந்தார்.

"தம்பி, நீர் உப்புப் போட வந்தனீரோ, சறுக்கி விளையாட வந்தனீரோ?"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ரீச்சர்."

"என்னட்டை ஏன் கேக்கிறீர்? என்ர ரத்தத்திட்டைக் கேளும்."

அவருக்கு அடுத்த இடம் இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தது. அதற்குள் கால் இரண்டும் வீங்கி, மூச்சு வாங்கி, படுக்க முடியாமல் கதிரையிலேயே இருந்திருக்கிறார். இன்னொரு தரம் தவறினால் வீட்டில் வைத்திருக்க ஏலாது என்று நேர்ஸ் சொல்லிவிட்டாவாம். இதைக் குடியிருப்பின் மனேஜர் எனக்குச் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார். சொல்லத்தான் வேண்டும்.

3. திறப்பு மேசையில்

பத்து நாள் கழித்துத் திரும்பவும் பனி என்று அறிவித்தார்கள். புதன்கிழமை காலை. ரீச்சரின் நாள்.

செவ்வாய் மத்தியானம் யார்ட் ஒஃபீசுக்குப் போய் வண்டித் திறப்பை, அதுதான் சாவியை, மேசையில் வைத்தேன்.

"நாளைக்கு ஆர்ச்வேக்குத்தான் முதல் போவன். வண்டியில எந்த நேரமும் இறங்காத பாரம் வேணும், இருநூறு கிலோ மண் மூட்டை. இல்லையெண்டா வேற ஆளைப் பார்."

"அண்ணை, முதல் உப்பு கோயிலுக்கு..."

"சாமி ஒரு மணித்தியாலம் பொறுக்கும். அந்த மனிசி பொறுக்க மாட்டா."

அவன் திறப்பை என் பக்கம் தள்ளினான். பிறகு, "சரி, கோயில் ரெண்டாவது," என்றான். அதற்கு அவனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். உடனே அடுத்த முட்டாள்தனத்தைச் சொன்னான்.

"பாரத்துக்கு மண் மூட்டை ஏன்? நான் தொண்ணூற்றைஞ்சு கிலோ. நானும் இன்னொரு ஆளும் பின் தட்டில ஏறி நிக்கிறம்."

"என்ன?"

"ஊரில உழவு மிசின் பெட்டியில ஏறிப் போகேல்லையே?"

"இது லண்டன். பொலிஸ் கண்டா என்ர லைசென்ஸ் போகும். நீ விழுந்தா உன்ர மண்டை போகும். விசர்க்கதை கதையாதை."

சிரிக்காதீர்கள். இன்றைக்கும் பனியில் ஒரு பிக்கப் நின்றுவிட்டால், "எல்லாரும் பின்னால ஏறுங்கோ" என்று கத்த எங்களில் ஒருவர் இருப்பார். அவர் சொல்வதைக் கேட்டு ஏறவும் நாலு பேர் இருப்பார்கள். ஆளைப் பாரமாக ஏற்றாதீர்கள். தண்ணீர் நிரப்பிய பீப்பாவும் ஏற்றாதீர்கள். அது வளைவில் தளும்பி வண்டியைத் தள்ளும். கொங்கிரீட் கல்லும் வேண்டாம். அடிபட்டால் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உங்கள் கழுத்துக்கு வரும்.

மண் மூட்டைதான் நல்லது. இருபத்தைந்து கிலோப்படி எட்டு மூட்டை வாங்கினேன். மூட்டை நனைந்தாலும் மண் மண்தான். எங்கேயாவது புதைந்தால் ஒன்றை அறுத்து ரயருக்கு முன்னால் கொட்டலாம். அடுக்கும் இடம் முக்கியம். பின் அச்சுக்கு நேர் மேலே, இரண்டு சக்கர வளைவுக்கும் இடையில். பின் கதவோரம் அடுக்கினால் வண்டியின் மூக்கு தூக்கும், ஸ்ரியரிங் பிடிக்காது. முன்னுக்கும் பின்னுக்கும் மரச்சட்டம் அடித்து, மேலால் பெல்ற் போட்டு இறுக்கினேன். கதவுத் தூணில் வண்டியின் மொத்தப் பாரம் எவ்வளவு போகலாம் என்று தகட்டில் இருக்கும். உப்பு, மண், ஹொப்பர், உங்கள் வயிறு எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

4. ஏறினேன்

புதன் காலை ஏழே முக்கால். ரோட்டில் ஒரு அங்குலப் பனி. பாதையின் அடியில் நின்று இரண்டாவது கியரில் மெல்லக் கிளச்சை விட்டேன். பனியில் முதலாவது போட்டால் சக்கரம் சுற்றும், இரண்டாவதுதான் சரி. வண்டி ஒரு தரம் உதறியது. பிறகு பிடித்தது. மாடு நுகத்தை வாங்கின மாதிரி நிதானமாக, நிற்காமல் ஏறியது. பின்னால் ஹொப்பர் உப்பைத் தூவிக்கொண்டே வந்தது. மேலே போய் வாசலடியில் திருப்பி நிறுத்தினேன்.

ரீச்சர் அன்றும் கோட்டோடு தயாராக இருந்தார். கண்ணாடிக்குள்ளால் கையைக் காட்டினார். நான் ஹோர்ன் அடித்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். இந்த ஊரில் யாருக்கும் தெரியாத விஷயம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு.

அந்த நினைப்போடு அங்கே அரை மணித்தியாலம் சும்மா இருந்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. விழுந்த உப்பு உடனே வேலை செய்யாது. பனிக்குள் இறங்கி அது கரையும் வரைக்கும் பாதை பழைய பாதைதான். இது எனக்குத் தெரியும். ஆனால் கோயிலுக்குப் போக வேண்டும், நேரம் போகிறது என்று ஐந்து நிமிடத்தில் இறங்கத் தொடங்கினேன்.

5. இறங்கினேன்

பாதி இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டேன். வண்டி நிற்கவில்லை. நான் ஆசையாக ஏற்றிய இருநூறு கிலோவும் மிச்ச உப்பும் சேர்ந்து பின்னாலிருந்து தள்ளின. அந்த நேரம் பார்த்து, பனியென்று அன்றைக்கு அரை மணித்தியாலம் முந்தியே வந்த நோயாளர் வான் கீழே ரோட்டிலிருந்து பாதைக்குள் திரும்பியது.

கால் பிரேக்கில் கிடக்கும் வரைக்கும் ஸ்ரியரிங் கேட்கவில்லை. காலை எடுத்தேன். எடுத்ததும் முன் சக்கரம் கொஞ்சம் பிடித்தது. இடது பக்கம் குடியிருப்பின் குப்பைத் தொட்டிகள் நிற்கும் மர அடைப்பு. அதற்குள் விட்டேன். அடைப்பு உடைந்தது, தொட்டி மூன்று உருண்டது, என் முன் பம்பர் தொங்கியது. வானுக்கும் எனக்கும் இடையில் ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவுதான் இடைவெளி.

வான் சாரதி இறங்கி வந்து எனக்கு ஒன்றும் இல்லையே என்று பார்த்தார். பிறகு பாதையில் சப்பாத்தை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "இருபது நிமிடம் காத்திருப்பேன், அதற்கு மேல் முடியாது," என்றார். இருபது நிமிடமும் நான் பம்பரைப் பார்க்கவில்லை, பாதையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினைந்தாவது நிமிடத்தில் பனி பழுப்பு நிறக் கூழாகியது. வான் ஏறியது. ரீச்சரை ஏற்றிக்கொண்டு இறங்கியது.

என்னைத் தாண்டும்போது ரீச்சர் கண்ணாடியை இறக்கச் சொன்னார்.

"ஏறினதுக்கு நூறு. இறங்கினதுக்கு முட்டை."

யோகன் காரில் வந்து சேர ஒன்பதரை ஆகிவிட்டது. அடைப்பைப் பார்த்தான். மூட்டைகளைப் பார்த்தான். ஒன்றும் அசையவில்லை என்று தட்டிப் பார்த்தான்.

"பாரம் கூடினா நிக்கிற தூரமும் கூடும் அண்ணை. அங்க இறக்கத்தில பிரேக்கை நம்பமாட்டினம். முதலாம் கியரில போட்டு, கிளச்சையும் தொடாமல் விடுறது. எஞ்சின் பிடிச்சுக்கொண்டு வரும்."

"இதை ஏன்டா முதலே சொல்லேல்லை?"

"எங்க சொல்ல விட்டனீங்கள்? உப்பு விஷயத்தில நான் பிழைதான். அதுக்குப் பிறகு நான் எது சொன்னாலும் பிழை எண்டு நீங்களே முடிவு கட்டீட்டீங்கள்."

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு வருகிற கோபம் அது. அங்கே நின்று அவனை ஏசினேன். வீட்டுக்குப் போய் என்னை ஏசினேன்.

6. முட்டையை மாற்றியது

அடுத்த பனிக்கு யோகனைப் பக்கத்துச் சீற்றில் இருத்தினேன். ஏறினோம், தூவினோம், அரை மணித்தியாலம் மேலே நின்றோம். பிறகு முதலாம் கியரில் வண்டியை விட்டேன். எஞ்சின் கத்தியது. வண்டி ஆள் நடக்கிற வேகத்தில் இறங்கியது. என் வலது கால் பிரேக்குக்குப் போகத் துடித்தது.

"கீழ வையுங்கோ அண்ணை காலை."

வைத்தேன். கீழே வான் காத்து நின்றது. நாங்கள் ரோட்டில் ஒதுங்கியதும் அது மேலே ஏறியது.

ஆகவே பிள்ளைகள், கேளுங்கள். பாரம் ஏற்றுங்கள், அச்சுக்கு மேலே ஏற்றுங்கள், கட்டுங்கள், ஏற்றமான இடத்துக்கு முதலில் போங்கள். பாரம் உங்களை ஏற்றும். நிற்பாட்டாது. நிற்பாட்டுகிற வித்தை உங்களுக்குப் பிடிக்காத ஆளிடம் இருக்கலாம். போய்க் கேளுங்கள். கேட்டுவிட்டு இறங்குங்கள்.