நெருப்புக் கேட்டு வந்தவன்

உம்மாவின் பித்தளை வட்டாவில் வெற்றிலைக்கும் பாக்குக்கும் பக்கத்தில் புகையிலைக்கும் ஓர் இடம் இருந்தது. கலியாணப் பேச்சில் பெண்ணின் தாய் அதிலிருந்து வெற்றிலை எடுத்தால் சம்மதம் என்பது எங்கள் குடும்ப வழக்கம். எனக்கு மூத்தவளான ராத்தாவுக்கு மச்சானைப் பேசிய அன்று, எங்கள் கல்முனை வீட்டில் உம்மா அந்த வட்டாவைத் தொடவேயில்லை.

மச்சான் பொத்துவில்காரர். எண்பதுகளின் தொடக்கம் அது; அறுகம்பேயில் வெள்ளைக்காரர் தங்கும் விடுதியொன்றில் சமையல் வேலை செய்தார். பீடி குடிப்பார். அங்கே கஞ்சா புழங்குவது ஊருக்கே தெரியும். "பீடி குடிக்கிற வாய்க்குக் கஞ்சா எத்தின முழம் தூரம்?" என்று கேட்டார் உம்மா, கன்னத்தில் புகையிலையை ஒதுக்கியபடி. ராத்தாவுக்கோ அவரைப் பிடித்திருந்தது. வாசலில் தொங்கிய சீலை மறைவில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாப்பிள்ளை நேரில் வருவது அப்போது வழக்கமில்லை. வாப்பாதான் இன்னொரு நாள் கூப்பிட்டனுப்பி, கஞ்சாவைப் பற்றி நேரடியாகவே கேட்டார். மச்சான் தலையைக் குனிந்தபடி, "ஓம் மாமா, ஒருக்காக் குடிச்சிருக்கன். நெருப்புக் கேட்டு வந்தவன்தான் நீட்டினான். கறி அடிப்பிடிச்சதும் தெரியாம நிண்டன். பிறகு தொடல்ல" என்றார். மறைக்காமல் சொன்னது வாப்பாவுக்குப் பிடித்தது. உம்மாவோ, "பாத்தீங்களா? பையில நெருப்புப்பெட்டி இல்லாட்டி அவன் ஏன் வாறான்?" என்றார்.

சீலைக்குப் பின்னாலிருந்து ராத்தாவின் குரல் வந்தது. "அப்ப உம்மா, இவ்வளவு காலமாப் பொயிலை போடுற நீங்க எப்ப கஞ்சாவுக்குப் போகப் போறீங்க?"

"வாய மூடுடி, வெக்கங்கெட்டவள்!" என்ற உம்மாவுக்கே சிரிப்பில் புரையேறியது. ராத்தா விடவில்லை. "அவர் பீடிய விடட்டும். நீங்க பொயிலைய விடுங்க." மச்சான் நெருப்புப்பெட்டியை எடுத்து வட்டாவில் வைத்தார். உம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, புகையிலையைத் தள்ளி வைத்து, வெறும் வெற்றிலையை எடுத்தார்.

நான் அதிகம் படித்தவளில்லை. ஆனாலும் யார் சொன்னது சரி என்று இன்றும் யோசிப்பதுண்டு. பீடியோடு நின்றவர்கள்தான் ஊரில் அதிகம். கஞ்சாவுக்குப் போன சிலரை அந்தக் கூட்டத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது பீடிதான் என்பதும் மெய். ஆனால் போனவர் திரும்பி வரலாம் என்பதை உம்மா கணக்கில் எடுக்கவில்லை. மச்சான் அன்றோடு பீடியை விட்டார். உம்மாதான் கொஞ்சக் காலம் களவாக மென்று, ராத்தாவிடம் பிடிபட்டுப் பிடிபட்டு விட்டார்.

போன மாதம் ராத்தாவின் இளைய மகளைப் பேச வந்தார்கள். அதே வட்டா, புகையிலை இருந்த இடத்தில் கராம்பு. நரைத்துப்போன மச்சான் மாப்பிள்ளைப் பொடியனிடம், "மகன், நெருப்புப்பெட்டி இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா, கடையில வாங்கிட்டு வரட்டா?" என்று அவன் பதறி எழுந்தான்.

உள்ளே ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வேணாம், இரிங்க" என்று சொல்லி, மச்சான் வட்டாவை அவன் பக்கம் தள்ளினார்.