பம்பரம் பிடித்த கேபிள்

பம்பரம் என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவளுடைய அண்ணன். அவள் ஒரு இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதை யாரும் பார்த்ததில்லை. ஒரு வாய் போட்டுக்கொண்டு ஜன்னல் வரை போவாள். திரும்பி வந்தால்தான் அடுத்த வாய். ஆராய்ச்சிக்கூடத்தில் ஆன்டெனா வடிவமைக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பெயரும் பின்னாலேயே பஸ் பிடித்து வந்து சேர்ந்துவிட்டது. நாற்பத்தாறு வயதிலும் அவள் பம்பரம்தான்.

அவள் செய்வது நியூட்ரினோவைக் கேட்கும் காது. நியூட்ரினோ என்பது வானத்தின் எந்தக் கோடியிலிருந்தோ அசுர வேகத்தில் வரும் பொடி. சுவர், மலை, மனிதர் எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து, யார்மேலும் உரசாமல் போய்விடும். அத்தி பூத்தாற்போல் ஒன்று பனிப்பாறையில் மோதினால் ஒரு ரேடியோ அதிர்வு எழுந்து, கண் இமைக்கக்கூட நேரம் தராமல் அடங்கிவிடும். அதைக் கேட்கத்தான் செம்புக் கம்பிகளை வளைத்துக் கிளிக்கூண்டு போல ஆறு ஆன்டெனாக்கள் செய்திருந்தாள். துருவப் பனியில் ஒரு சாணுக்கும் குறைவான அகலத்தில் துளை போட்டு, அவற்றை ஆழத்தில் இறக்குவார்கள். துளை உறைந்து மூடிக்கொள்ளும். இறக்கியது இறக்கியதுதான். வெளியே எடுத்து ஒரு திருகைத் திருப்புவோம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அங்கே அனுப்பும் பெட்டியை வெள்ளிக்கிழமை மூடுவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் துறைத்தலைவி அவளைக் கூப்பிட்டார்.

"பம்பரம், நேத்து நீ கிளம்பினப்புறம் நானே ஒரு தடவை அளந்து பாத்தேன். உன் கூண்டு உன் பேச்சைத்தான் கேக்குது. என்னை மதிக்கவே மாட்டேங்குது."

அளக்கும் கருவியின் திரையில் ஒரு பச்சைக் கோடு ஓடும். அதில் பள்ளம் விழும் இடத்தில்தான் ஆன்டெனாவுக்குக் காது கூர்மை. பம்பரம் எடுத்த அத்தனை அளவிலும் பள்ளம் விழவேண்டிய இடத்தில் விழுந்திருந்தது. தலைவி எடுத்ததில் நழுவிப் போயிருந்தது.

"மிஷின் கோளாறா இருக்கும் மேடம்."

"மிஷினை மாத்தியும் பாத்தாச்சு. வியாழக்கிழமைக்குள்ள யார் அளந்தாலும் ஒரே மாதிரி வரணும். இல்லன்னா கடையில வாங்கினதைத்தான் அனுப்புவேன். கோச்சுக்காதே. உன்னையும் சேர்த்துப் பெட்டியில வெச்சு அனுப்ப முடியாதில்ல?"

நான்கு வருட உழைப்பு. அவள் கால் தரையில் பாவவில்லை. சுவரெல்லாம் கூர்கூராகக் கருப்பு நுரைப்பஞ்சு ஒட்டிய அளவை அறைக்குள் போவாள், அளப்பாள், சரியாக இருக்கும். வெளியே வந்து தலைவியை அளக்கச் சொல்வாள், தப்பாக இருக்கும். கம்பிகளை மாற்றினாள். பற்றவைப்பை உருக்கி மறுபடி பற்றவைத்தாள். வேறு யாராக இருந்தாலும் கையை உதறிவிட்டுப் போயிருப்பார்கள்; அவள் பிடித்த பிடியை விடுகிறவள் அல்ல. வந்த வினையே அந்தப் பிடிதான் என்பது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை மதியம், வண்டி நிறுத்தும் இடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே அண்ணனுக்குப் போன் போட்டாள். அவர் ஒரு காலத்தில் மாடி மாடியாக ஏறி டிவி ஆன்டெனா கட்டியவர்.

"நான் பக்கத்துல இருந்தா வேலை செய்யுதுண்ணா. நகர்ந்தா கெட்டுப்போகுது."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "மறந்துட்டியா? மாடியில நீ ஆன்டெனாவைப் புடிச்சா படம் கண்ணாடி மாதிரி வரும். விட்டா புள்ளி புள்ளியா கொட்டும். மேட்ச் முடியறவரைக்கும் உன்னை வெயில்ல நிக்க வெச்சோமே!"

"படுபாவி! அசையாதே, அசையாதேன்னு கீழருந்து கத்திட்டே இருந்த!"

"பொறந்ததுலருந்து நீ அசையாம நின்னது அன்னிக்கு மட்டும்தான்டி."

பம்பரத்தின் கால் நின்றது. தன் வலது கையைப் பார்த்தாள்.

அளவை அறையில் ஆன்டெனாவிலிருந்து கருவிக்குப் போகும் கேபிள் தொய்ந்து தொங்கும். அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டே குட்டி போட்ட பூனை மாதிரி நடப்பது அவள் வழக்கம். கேபிளின் மேல்தோலும் சேர்ந்து ஆன்டெனாவாக வேலை செய்திருக்கிறது. அதைத் தொட்ட அவள் கையும் கூட்டுச் சேர்ந்திருக்கிறது. கூண்டோடு தன்னையும் சேர்த்தே இத்தனை நாள் அளந்திருக்கிறாள்!

"அண்ணா, வெச்சிடறேன்!" என்று ஓடினாள்.

லேப்டாப் சார்ஜர் வயரில் குண்டாக ஒரு உருளை இருக்குமே, அதற்குள் இருப்பது ஒரு கருப்பு வளையம். கேபிளின் மேல்தோலில் ஊர்ந்து வருவதை அது வழிமறிக்கும். அப்படிப்பட்ட வளையங்களைக் கூண்டின் கழுத்தருகே கேபிளில் கோத்துப் பிசின் வைத்து ஒட்டினாள். பள்ளம் நழுவுவது நின்றது. ஆனால் நின்ற இடம் தப்பு. அவள் கை இருந்த கணக்கில் வெட்டிய கம்பிகள் அல்லவா? ஆறு கூண்டுகளையும் பிரித்து, கம்பிகளை மயிரிழை மயிரிழையாக அராவினாள்.

வியாழக்கிழமை பிற்பகல், கேபிளையும் வளையத்தையும் தொடவே கூடாது என்று தலைவியிடம் பத்துத் தடவை சொன்னாள். தலைவி சொன்னார்: "இப்போ நீ வெளிய போ."

நடைவழியில் போய் நின்றாள். "சரியா இருக்கு!" என்று குரல் வந்தது.

"நான் கதவுகிட்ட நிக்கிறதால இருக்கும் மேடம்."

வாசல் கேட்டுக்குப் போய்ப் போன் செய்தாள். அதே இடம். பஸ் நிறுத்தத்துக்குப் போய்க் கேட்டாள். ஆறும் அதே இடம்.

"இன்னும் எவ்வளவு தூரம்தான் போவ? பெட்டியில அடுக்கச் சொல்லிட்டேன், வீட்டுக்குப் போம்மா."

பஸ் வந்தது, போனது. அவள் ஏறவில்லை. பிடிப்பதற்கு ஒன்றுமில்லாத கையைப் பைக்குள் விட்டாள், எடுத்தாள், மறுபடி விட்டாள். வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்து, அடுத்த நிறுத்தம் வருவதற்குள் மறுபடி போன் போட்டாள்.

"மேடம், அந்த வளையத்துல பிசின் காஞ்சிருக்கான்னு ஒரே ஒரு தடவை தொட்டுப் பாருங்களேன்."

"தொடவே கூடாதுன்னு சொன்னது நீதானேடி!"