ஒரு ஊசிக்காக நின்ற லாரிகள்

ஆறு வருடங்களுக்கு முன்பு, ஒரு மே மாத மதியம். திருவொற்றியூரில், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையை ஒட்டிய ஒரு கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன்.

என் வேலை என்னவென்று சொன்னால் பலரும் சிரிப்பார்கள். தங்கத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது. அதற்கென்று ஒரு கருவி உண்டு. அதில் மிக மிகக் கூர்மையான ஊசி ஒன்று தகட்டைத் தொடாமல், தலைமுடியின் தடிமனில் லட்சத்தில் ஒரு பங்கு இடைவெளி விட்டு, மேலேயே மெதுவாக நகரும். அது உணர்வதையெல்லாம் கம்ப்யூட்டர் கோடு கோடாக வரைந்து ஒரு படமாக்கும். பக்கத்தில் யாராவது கதவைச் சாத்தினாலும் போதும், படம் குட்டிச்சுவர்.

வியாசர்பாடியில் எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்கில் நான்தான் முதல் பிஎச்.டி. மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம், "இன்னும் பட்ச்சிகினுதான் கீறியா?" என்று கேட்பார்கள். முடித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரே ஒரு படம்தான் பாக்கி. அந்தப் படம் மூன்று மாதமாகக் கிடைக்கவில்லை. திரை முழுக்க அலை அலையாகக் கோடுகள். கொஞ்ச நேரம் அடங்கும், ஆசை காட்டும், மறுபடி ஆரம்பித்துவிடும். கருவியும் எங்களுடையதில்லை, இரவல் வாங்கியது. மறுநாள் காலை பெட்டி கட்டி எடுத்துப்போக வருகிறார்கள். அன்று விட்டால் இன்னும் ஒரு வருடமாவது காத்திருக்க வேண்டும்.

எதிரி யாரென்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஜன்னலைத் திறந்தால் லாரிகள். இஞ்சினை அணைக்காமல் உறுமிக்கொண்டு, இரண்டு அடி நகர்ந்து, மறுபடி நின்று உறுமிக்கொண்டு. கல்லூரி முதல்வருக்கு இரண்டு முறை புகார் எழுதிக் கொடுத்தேன். "உள்ளே ஓடுவதையெல்லாம் அணைத்துப் பார்த்தாயா?" என்று என் பேராசிரியர் கேட்டார். ஏசி, ஃபேன், லைட் எல்லாவற்றையும் அணைத்தே பார்த்துவிட்டேன் சார் என்றேன். உண்மையும் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

அன்று மதியம் இரண்டு மணிக்குப் பொறுமை போய்விட்டது. துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நேராகச் சாலைக்குப் போனேன். எங்கள் ஜன்னலுக்கு நேரே ஒரு பழைய நீல நிற ட்ரெய்லர் நின்றிருந்தது. ஓட்டுநருக்கு என் வயதுதான் இருக்கும். அழுகையும் கோபமுமாக, ஒரு பத்து நிமிடம் இஞ்சினை நிறுத்த முடியுமா என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு?"

"உள்ள ஒரு ஊசி கீதுண்ணே. நீங்க வண்டிய ஓட்டிகினே இருந்தா அது ஆடுது. இன்னைக்கு படம் வரலன்னா என் படிப்பே போச்சி."

தையல் மெஷினா என்று கேட்டார். நான் ஊசியையும் தங்கத்தையும் பற்றி மூச்சு விடாமல் சொன்னேன். அவருக்குப் பாதி புரிந்திருக்காது. என் முகத்தையும் ஸ்டியரிங்கையும் ஒரு முறை பார்த்தார். பிறகு சாவியைத் திருப்பி அணைத்துவிட்டுக் கீழே குதித்தார். முன்னும் பின்னும் போய் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். "மாமு, ஆஃப் பண்ணு. தங்கச்சிக்குப் பரீட்சை!" ஒன்று, இரண்டு, ஐந்து என்று கண்ணுக்கெட்டிய வரை எல்லா லாரிகளும் அடங்கின. அந்தச் சாலையில் காக்கை கத்துவதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

ஓடி வந்து கருவியை முடுக்கினேன். அவரும் பார்க்க வேண்டுமென்று கூடவே வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு என் பின்னால் நின்றார். முதல் கோடு வந்தது. இரண்டாவது வந்தது. திரையில் அதே அலைகள்.

வெளியே ஒரு லாரிகூட ஓடவில்லை. ஊசி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அவர் நகர்ந்து போய், உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார்.

"எங்க வண்டி இல்லமா. உன் வூட்லயே இன்னாமோ ஓடிகினு கீது. சொவரு துடிக்குது பாரு."

சுவருக்கு அந்தப் பக்கம் சாமான் போட்டு வைக்கும் சின்ன அறை. அதற்குள் ஒரு குட்டி ஃப்ரிட்ஜ். வேறு யாருடையதும் இல்லை, என்னுடையது. வெயிலுக்கு மோரும் தயிர்சாதமும் வைத்துக்கொள்ள மூன்று மாதத்துக்கு முன்பு நானே வாங்கி வந்து, சுவரோடு ஒட்டி வைத்தது. அதன் மோட்டார் கொஞ்ச நேரம் ஓடும், கொஞ்ச நேரம் ஓயும். திரையில் அலை வருவதும் அடங்குவதும் அதனால்தான். ஊரையே குற்றம் சொல்லத் தெரிந்த எனக்கு அது ஒரு நாள்கூட உறைக்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கினேன். ஓடி வந்து கருவியை மறுபடி முடுக்கினேன். கோட்டுக்குக் கீழ் கோடாகப் படம் இறங்கியது. வரிசை வரிசையாக, ஒவ்வொன்றும் தனித்தனியாக, நான்கு இதழோடு மூலக்கூறுகள்.

"இட்லிப்பூ மாதிரியே கீதே!" என்றார் அவர்.

நான் சத்தம் போட்டு அழுதேன், சத்தம் போட்டுச் சிரித்தேன். அந்த மூலக்கூறு ஒரு நீலச் சாயம், அவருடைய வண்டியின் நீலப் பெயின்டில்கூட அது இருக்கலாம் என்றேன். அவர் உடனே செல்போனில் திரையைப் படம் எடுத்து, வெளியே ஓடிப்போய் வண்டி வண்டியாகக் காட்டினார். ஃப்ரிட்ஜ் கதையை நானே எல்லாரிடமும் சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அதற்குள் வரிசை நகர ஆரம்பித்தது. ஒவ்வொரு லாரியாக உறுமிக் கிளம்பியது. நீல ட்ரெய்லர் மட்டும் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி ஏற்கெனவே பழுதாம், அணைத்தால் தானாகத் திரும்பக் கிளம்பாதாம். பின்னால் இருந்த வண்டிகள் அதைச் சுற்றிக்கொண்டு முன்னால் போயின. கடைசியில் ஒருவர் நிறுத்தி, தன் பேட்டரியிலிருந்து கேபிள் கொடுத்து அதைக் கிளப்பினார். காலையிலிருந்து காத்திருந்து வரிசையில் பிடித்த இடம் அதற்குள் போயே போய்விட்டது.

கையில் மோர் பாட்டிலோடு வெயிலில் நின்றுகொண்டிருந்த எனக்கு வெட்கமாக இருந்தது. அணைத்தால் திரும்ப எடுக்காது என்று தெரியாதா அண்ணே என்று கேட்டேன்.

அவர் மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"தெர்யும்மா. நான் ஆஃப் பண்ணாம மத்தவன எப்டி ஆஃப் பண்ணச் சொல்றது?"

கையை ஆட்டிவிட்டுப் போனவரைப் பிறகு நான் பார்க்கவே இல்லை. பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இன்று எனக்கென்று ஒரு ஆய்வகம் இருக்கிறது, அந்தக் கருவியைவிடப் பெரிய கருவியில் எத்தனையோ மூலக்கூறுகளைப் பார்த்துவிட்டேன். ஆனாலும், முன்பின் தெரியாத ஒருத்தியின் புரியாத ஊசிக்காக, திரும்பக் கிளம்பாது என்று தெரிந்தே முதல் ஆளாக வண்டியை அணைத்தாரே, அதை நினைக்கும்போது வரும் சந்தோஷம் எனக்கு இன்றும் வேறெதிலும் கிடைப்பதில்லை.