சாலமோனின் பங்கு

இதைக் கட்டுக்கதை என்பவர்கள் மஜீதைக் கேட்கலாம். காசிமேட்டில் ஐஸ் விற்கிறவர். கட்டியின் எடையில் பொய் சொல்வார், இதில் சொல்லவில்லை.

லட்சத்தில் ஒருவருக்கு வரும் ரத்தப் புற்றுநோய். ஒரு குலுக்கலிலும் விழாத ராசிக்காரருக்கு இது மட்டும் கச்சிதமாக விழுந்தது. புது மருந்தைச் சோதிக்கும் ஆஸ்பத்திரியில், அதே நோயோடு திருவொற்றியூர் சாலமோன். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எதுவென்று டாக்டருக்கே தெரியாது.

"உன்னுது மாவா, என்னுது மாவான்னு இன்னாத்துக்கு பேஜாரு? கலந்துடலாம் மாமு," என்றார் சாலமோன்.

மாதாமாதம் ராயபுரம் டீக்கடையில் பேப்பர் விரித்து, இரண்டு டப்பாவையும் கொட்டிக் கலந்து, ஆளுக்குப் பாதி. பிரியாணியைக்கூட மஜீது அவ்வளவு நியாயமாகப் பிரித்ததில்லை. டாக்டரிடம் மூச்சு விடவில்லை.

ஆடியில் சாலமோன் படுத்துவிட்டார். அந்த மாதம் கலக்கவில்லை. ஆவணியில் இறந்தார். மஜீதுக்கு அழுகை வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

மறு மாதம். மதியம் மூன்றேகால். அதே கடை. பழக்க தோஷம்... தன் டப்பாவைக் கொட்டி இரண்டாகப் பிரித்துவிட்டார். பிறகுதான் உறைத்தது. எதிர் ஸ்டூல் காலி.

டொக்... டொக்...

ஸ்டூலை விரலால் தட்டும் சத்தம். குனிந்தார்.

யாருமில்லை.

நிமிர்ந்தார்.

எதிர்ப்பக்கக் குவியலைக் காணவில்லை. தன் பக்கக் குவியல் மட்டும் பெருத்திருந்தது.

ஈரமாக...

"இன்னா பாய், அவரு டீ குடிக்காமயே போய்ட்டாரு?" என்றார் டீ மாஸ்டர்.

"யாரு?"

மாஸ்டர் ஸ்டூலைப் பார்த்தார்.

பயப்படக்கூடத் தெம்பில்லை. மஜீது மாத்திரைகளை லுங்கியில் துடைத்து எடுத்துக்கொண்டார். தினம் விழுங்கினார்.

அந்த மாதக் கடைசியில் சோதனை முடிந்தது. டாக்டர் அனிஷா கூப்பிட்டனுப்பினார்.

"உங்களுக்குக் குடுத்ததெல்லாம் மாவு மாத்திரை பாய். சாலமோனுக்குத்தான் மருந்து. அது நாலு நாள்ல ரத்தத்துலேர்ந்து போயிடும். ஆனா நேத்து எடுத்த உங்க ரத்தத்துல இருக்கு. நோயும் குறைஞ்சிருக்கு. எப்படி?"

மஜீது நேராகத் திருவொற்றியூர் போனார். சாலமோனின் மனைவி பெர்சிஸ் கதவைத் திறந்தாள்.

"அவரோட கடைசி டப்பா எங்கம்மா?"

"அத அவரு தொறக்கவே இல்ல பாய். மஜீது வரட்டும், பிரிச்சிக்கலாம்னுகினே இருந்தாரு. நீங்க வரல."

சுவரில் இருந்த சாலமோன் படத்தைப் பார்த்தாள்.

"பொட்டிக்குள்ளயே வெச்சி புதைச்சிட்டோம்."