நடுமேடைக்கு மேல் ஒரு சிம்னி

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம் கழித்துச் சமையலறைச் சுவரை இடிக்க முடிவு செய்தோம். சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு திரும்பியது, குரல் திரும்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அவர் சொல்வது கேட்கும். பகலெல்லாம் ஹாலில் ஜன்னலோர நாற்காலியில் இருப்பார். நான் அடுப்படியில் நின்றால் எங்கள் இருவருக்கும் நடுவே அந்தச் சுவர். குக்கர் விசில் வருவதற்குள் இரண்டு முறை ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன். இந்தப் பக்கம் பால் பொங்கி வழியும்.

"சுவரை எடுத்துட்டு நடுவுல அடுப்பு மேடை போட்டுடும்மா. அப்பாவைப் பார்த்துக்கிட்டே சமைக்கலாம்" என்று பெங்களூரிலிருந்து மகள் சொன்னாள். எனக்கு அது வரமாகப் பட்டது.

தாம்பரம் மார்க்கெட் பக்கம் கடை வைத்து, வீடுகளுக்குச் சமையலறை அமைத்துத் தரும் பாய் ஒருவரை வரவழைத்தோம். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். சுவரைத் தட்டிப் பார்த்தார். தாங்குசுவர் இல்லை, எடுக்கலாம் என்றார். அப்புறம் நின்றுகொண்டே யோசித்தார்.

"இன்னாக்கா, நடுவுல அடுப்பு வெச்சா தாளிக்கிற புகை நேரா அண்ணன் மூஞ்சிக்குத்தான் போவும்."

அது எனக்குத் தோன்றவே இல்லை. அவருக்கு விழுங்குவதே சிரமம். மிளகாய் நெடி பட்டு இருமத் தொடங்கினால் முகம் சிவந்து கண்ணில் நீர் கொட்டும், அடங்க நேரமாகும். அப்படித்தான் மேடைக்கு நேர் மேலே, கூரையிலிருந்து தொங்கும் சிம்னி ஒன்று எங்கள் திட்டத்துக்குள் வந்தது.

என் கணவர் கட்டட நிறுவனத்தில் முப்பது வருடம் வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர். நோய் வந்த பிறகு எதிலும் ஆர்வம் காட்டாமல் இருந்தவர், இதைக் கேட்டதும் பென்சில் கேட்டார். இடது கையால் படம் போட்டார். கோடு கோணிக்கொண்டு போனது. அழித்து அழித்துப் போட்டார். சிம்னி ரொம்பத் தாழ்ந்தால் என் பார்வையை மறைக்கும், ரொம்ப உயர்ந்தால் புகையை இழுக்காது. சரியான உயரம் காண, ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கயிறு கட்டி ஃபேன் கொக்கியில் தொங்கவிடச் சொன்னார். பாய் கயிற்றை ஏற்றி இறக்க, நான் அடுப்பு வரப்போகும் இடத்தில் நின்றேன். பெட்டிக்குக் கீழே என் முகம் தெரிந்ததும் அவர் சிரித்தபடி இடது கையைத் தூக்கினார். நானும் கையைத் தூக்கினேன். பாய் அந்த உயரத்தைச் சுவரில் குறித்துக்கொண்டார். அந்த நான்கு மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

புகைக்குழாயை வெளியே கொண்டுபோவதுதான் சிக்கல். நடுமேடைக்கும் வெளிச்சுவருக்கும் இடையே பீம் குறுக்கே ஓடியது. பீமைத் துளைக்கக் கூடாது.

"கீழே எறக்கி, சுத்திக்கினுதான் போவணும். மூணு வளைவு வருது. வளைவு ஏற ஏற சத்தம் ஜாஸ்தியாவும்க்கா" என்றார் பாய்.

"சத்தம் என்ன பாய், மிக்ஸியை விடவா?" என்று கேட்டேன்.

அவர் என் கணவரைப் பார்த்தார். இவரோ தான் போட்ட படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை தொடங்கியது.

கூரையில் துளையிட்டு போல்ட் இறக்கி, இரண்டு ஆட்கள் தாங்கிப் பிடிக்க சிம்னியை மாட்டினார்கள். குழாயை மறைத்து பொய்க்கூரை அடித்தார்கள். முதல்நாள் கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்தேன். அவருக்கு ஒரு இருமல்கூட வரவில்லை. சிம்னியின் வேகத்தை ஒன்றில் வைத்தால் புகை தங்கியது, அதனால் மூன்றில் வைத்தேன். பஸ் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்ததுபோல இரைந்தது. ஆனால் அவர் கண்ணெதிரே இருக்கிறார், வேறென்ன வேண்டும் என்று இருந்தேன்.

மூன்று வாரம் அப்படியே போனது. ஒருநாள் காலை பத்தரை மணி இருக்கும். கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தேன். புளி கரைக்க சிங்க் பக்கம் திரும்பினேன். திரும்பி நின்றது சில நிமிடம்தான். மறுபடி பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

அவர் கீழே, நாற்காலிக்கும் டீப்பாய்க்கும் நடுவே கிடந்தார். பாத்ரூம் போக எழுந்திருக்கிறார். கால் தாங்கவில்லை. விழும்போது இடது கையை ஊன்றியிருக்கிறார். வேட்டி நனைந்திருந்தது. நான் மண்டியிட்டுத் தலையைத் தூக்கினேன். உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. ஓடிப்போய் சிம்னியை அணைத்துவிட்டு வந்தேன். அப்புறம்தான் கேட்டது.

"கூப்பிட்டேன்."

"எப்போங்க?"

"ரொம்ப நேரமா."

இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். மீதியிருந்த ஒரு கையும் போய்விட்டது. அதற்குப் பிறகு ஆறு வாரம் சோற்றைப் பிசைந்து ஊட்டினேன். ஊட்டும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள் பாய்க்கு போன் செய்து வரச் சொன்னேன். அவர் வந்ததும் வாசலில் நிற்க வைத்தே திட்டினேன். என்ன வேலை செய்தீர்கள், மனுஷன் கத்தினால்கூடக் கேட்காத மாதிரி ஒரு இயந்திரத்தை எவனாவது வீட்டுக்குள் மாட்டுவானா என்றெல்லாம் பேசினேன். அவர் தலைகுனிந்து நின்றார். நான் அப்போவே சொன்னேனே அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளே போய் என் கணவரின் மாவுக்கட்டைப் பார்த்தார். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"வலிக்குதாண்ணா?"

என் கணவர் இல்லை என்று தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "அவர் சொன்னார். நாமதான் கேக்கல."

என்னால் பாய் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்கவும் அன்று வாய் வரவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "மோட்டாரைக் கழட்டி வெளிச்சுவத்துல வெச்சுடலாம்க்கா. இங்க வெறும் கூடுதான் இருக்கும். சத்தம் பாதிக்கு மேல கொறையும்" என்றார். அவரே ஆள் பிடித்து, அதற்கான வேறு மோட்டாரைத் தேடி வாங்கி, துணி துவைக்கும் பின்பக்கச் சுவரில் பொருத்திக் கொடுத்தார். கிளம்பும்போது படிக்கட்டு வரை கூடவே போனேன். "அன்னிக்குப் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க பாய்" என்றேன். "வூட்ல ஒருத்தருக்கு ஒடம்பு முடியலன்னா எல்லாருக்கும் அப்படித்தான்க்கா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

இப்போது சிம்னி ஓடினாலும் அவர் இருமுவது கேட்கிறது. ஆனால் என் காதை நான் நம்புவதில்லை. கரண்டியைப் போட்டுவிட்டு அடிக்கடி சிம்னியை அணைப்பேன். "என்னங்க, கூப்பிட்டீங்களா?" என்பேன். மகள் ஒரு ரிமோட் காலிங் பெல் அனுப்பினாள். கட்டுப் பிரித்த பிறகு அவர் விரலருகே வைத்தேன். அதை அவர் ஜன்னல் திண்டின்மேல் தள்ளி வைத்துவிட்டார்.

ஒருநாள் அரைமணி நேரத்தில் ஐந்தாறு முறை கேட்டிருப்பேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பக்கத்தில் வரச் சொன்னார். போய் உட்கார்ந்தேன்.

"சுவர் இருந்தப்போ நீ வந்து வந்து பார்த்தே" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கியது. "இப்போ அங்கேர்ந்தே பார்க்கறே."

"உங்களுக்காகத்தானே இடிச்சோம்?"

"தெரியும்" என்றார்.

அடுப்பில் கூட்டு கொதித்துக்கொண்டிருந்தது. எழுந்துபோய் அணைக்க வேண்டும் என்று தெரிந்தும் எழவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். எலும்பு கூடியிருந்தாலும் கொஞ்சம் கோணலாகத்தான் கூடியிருக்கிறது, பென்சில் பிடித்தால் வலிக்கிறது என்கிறார். அடிப்பிடித்த வாசனை வரும் வரை அந்த மணிக்கட்டைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். பிறகு அவர்தான், "போ, கருகுது" என்றார்.